ஆண்டு அட்டை: லாபமா, ஆசையா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'கேளிக்கைப் பூங்காவின் ஆண்டு அட்டையை வாங்கலாமா, வேண்டாமா?' என்பது. இதற்கெல்லாம் ஒரு கருத்துக்களமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் இந்த அட்டையை வாங்கினால், பலருடைய வீட்டில் ஒரு மாத வாடகைக்கோ அதற்கு மேலோ ஆகும் தொகை ஒரே நாளில் கை மாறுகிறது. அப்படிப்பட்ட ஒரு முடிவைப் பெரும்பாலும் எங்கே எடுக்கிறோம்? கட்டண முகப்பிலே, பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, பிள்ளை கையைப் பிடித்து இழுக்க, இரண்டே நிமிடத்தில் எடுக்கிறோம். அந்த இரண்டு நிமிடத்திற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதற்கு உதவத்தான் இந்த உரை.

நம் நாட்டில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த சன்வே லகூன் 1990-களிலிருந்து இருக்கிறது. ஈப்போ பக்கம் தம்புன், பினாங்கில் தெலுக் பஹாங் எஸ்கேப் பூங்கா இருக்கின்றன. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012 செப்டம்பர் 15-ஆம் நாள் ஜொகூரில் திறக்கப்பட்டது. கெந்திங் மலையுச்சியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் 2010 முதல் யூனிவர்சல் ஸ்டூடியோஸ். ஆகவே இது ஏதோ ஓர் ஊர்க்காரர்களின் கேள்வியல்ல. பள்ளி வயதுப் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு நாள் எழக்கூடிய கேள்வி.

இந்த வியாபார முறை எப்படி வந்தது?

அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனிச் சீட்டு. சீட்டுப் புத்தகத்தில் தரவாரியாக எழுத்துகள் இருக்கும். நல்ல சவாரிக்கு விலை அதிகம். நம் ஊர்த் திருவிழாக்களில் ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்குவது போலத்தான். 1982-இல் அந்தச் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. ஒரே கட்டணம் செலுத்தி நாள் முழுதும் சுற்றலாம் என்ற முறை நிலைத்தது. அதன் அடுத்த படிதான் ஆண்டு அட்டை. ஒரே கட்டணத்தில் ஆண்டு முழுவதும் வரலாம்.

பூங்காவுக்கு இதில் என்ன நன்மை? பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. அட்டை வைத்திருப்பவர் மறுபடி வரும்போது நுழைவுக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் வெயிலில் பிள்ளை தண்ணீர் கேட்கும், ஐஸ்கிரீம் கேட்கும், கடையில் பொம்மையைப் பார்த்து நிற்கும். அட்டைக்காரர்கள் பள்ளி நாட்களில் வந்தால், காலியாகக் கிடக்கும் பூங்காவிலும் வியாபாரம் நடக்கும். இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. இருவரும் பயன்பெறக்கூடிய ஒப்பந்தம்தான். நம் பங்கு நமக்குக் கிடைக்கிறதா என்பதை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தின் கணக்கு

பொதுத் தொடர்புத் துறையில் நான் பட்டயப் படிப்பு படித்தபோது, விளம்பர வகுப்பில் ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய தொகையை நாட்களால் வகுத்துச் சிறிய தொகையாகக் காட்டுவது. ஆண்டு அட்டை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சில் நான் சொல்லப்போகும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. எந்தப் பூங்காவின் விலையும் அல்ல. 500 வெள்ளியை 365 நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1 வெள்ளி 37 காசு. 'ஒரு தே தாரிக் விலைகூட இல்லையே!' என்று மனம் சொல்லும். ஆனால் நீங்கள் 365 நாளும் போகப்போவதில்லை. நான்கு நாள் போனால் ஒரு நாளுக்கு 125 வெள்ளி. இரண்டு நாள் போனால் 250 வெள்ளி. வகுக்க வேண்டிய எண் 365 அல்ல; நீங்கள் உண்மையிலேயே போகும் நாட்களின் எண்ணிக்கை.

இன்னொரு வித்தை, ஒப்பிடும் விலை. கட்டண முகப்பில் ஒரு நாள் டிக்கெட் 200 வெள்ளி, ஆண்டு அட்டை 500 வெள்ளி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும். மூன்று முறை வந்தாலே லாபம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் முன்கூட்டியே இணையத்தில் வாங்கினாலோ, மைகாட் வைத்திருப்போருக்கான சலுகையில் வாங்கினாலோ, ஒருவேளை 160 வெள்ளிக்கே அந்த டிக்கெட் கிடைத்திருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த 160 வெள்ளியோடுதான். 500-ஐ 160-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அதாவது நான்கு முறை போனால்தான் லாபம். ஒரே ஒரு முறைதான் வித்தியாசம் என்றாலும், பல குடும்பங்களில் லாபமும் நட்டமும் அந்த ஒரு முறையில்தான் பிரிகின்றன.

வாசலுக்கு வெளியே ஆகும் செலவு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர்பாருவுக்குச் சுமார் 330 கிலோமீட்டர். போக வர நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெட்ரோல், டோல், சாப்பாடு, ஓர் இரவு தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

அட்டை இல்லாமல் இரண்டு முறை போனால், டிக்கெட்டுக்கு 1,280 வெள்ளி, பயணத்துக்கு 1,200 வெள்ளி. மொத்தம் 2,480 வெள்ளி. அட்டை வாங்கிவிட்டு, 'போட்ட காசை எடுக்க வேண்டுமே' என்று நான்கு முறை போனால், நான்கு அட்டைக்கு 2,000 வெள்ளி, பயணத்துக்கு 2,400 வெள்ளி. மொத்தம் 4,400 வெள்ளி. லாபம் பார்ப்பதற்காக 1,920 வெள்ளி கூடுதலாகச் செலவழித்திருக்கிறோம்! டிக்கெட் கணக்கை மட்டும் பார்த்தால் மிச்சம்தான். வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் பற்றாக்குறை.

தூரத்துக் குடும்பங்கள் இரண்டு நாள் தங்கிப் பார்க்க விரும்பினால், சில பூங்காக்களில் இரண்டு நாள் டிக்கெட் என்றே தனியாக உண்டு. ஆண்டு அட்டையை எடுப்பதற்கு முன் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

அதே லெகோலேண்டுக்குப் பக்கத்திலேயே, கேலாங் பாத்தாவில் வசிக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயணம், நொறுக்குத் தீனி எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 60 வெள்ளி போதும். நான்கு அட்டைக்கு 2,000 வெள்ளி, பத்து முறை போக 600 வெள்ளி. மொத்தம் 2,600. ஒரு முறைக்குக் குடும்பத்துக்கே 260 வெள்ளிதான். அட்டை இல்லாமல் போனால் ஒவ்வொரு முறையும் 700 வெள்ளி. இங்கே அட்டை உண்மையிலேயே லாபம். இன்னொரு நன்மையும் உண்டு. இவர்கள் காலையிலிருந்து இரவு வரை ஓட வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு, பிள்ளை களைத்தால் வீட்டுக்குத் திரும்பலாம். இடியும் மின்னலும் வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் டிக்கெட்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டைக்காரர், 'அடுத்த வாரம் வருவோம்' என்று கிளம்பிவிடலாம்.

ஆகவே ஒரே அட்டை, ஒரே விலை. ஒரு வீட்டுக்கு லாபம், இன்னொரு வீட்டுக்கு நட்டம். அட்டை நல்லதா என்று கேட்பதை விட, நம் வீட்டுக்கு ஏற்றதா என்று கேட்பதே சரி.

நம் மனத்தை நாமே நம்பலாமா?

'நாங்கள் கட்டாயம் போவோம்' என்று எல்லாருமே சொல்வோம். சொல்லும்போது பொய் சொல்வதில்லை. அப்படித்தான் நம்புகிறோம். ஆனால் நடப்பது வேறு. பொருளியல் ஆய்வாளர்களான ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி நிலையங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகையைப் பார்த்தார்கள். மாதக் கட்டணமாக 70 டாலருக்கு மேல் செலுத்தியவர்கள், மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே நிலையத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

1998-இல் ஜான் கோர்வில், திலீப் சோமன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்டிய உறுப்பினர்கள், கட்டிய மாதத்தில் ஆர்வமாக வந்தார்கள். பிறகு வருகை குறைந்துகொண்டே போனது. மறுபடி பணம் கட்டும்போது மறுபடி கூடியது. பணம் கொடுத்த வலி இருக்கும் வரைதான் கால்கள் நடக்கின்றன. பூங்காவும் உடற்பயிற்சி நிலையமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு மறக்கும் மனம் ஒன்றுதான்.

அதனால்தான் நான் ஒரு யோசனை சொல்கிறேன். 'வரும் ஆண்டில் எத்தனை முறை போவோம்?' என்று மனத்தைக் கேட்காதீர்கள். 'போன ஆண்டில் குடும்பமாக எத்தனை முறை ஒரு முழு நாள் வெளியே போனோம்?' என்று கைத்தொலைபேசியில் உள்ள படங்களைக் கேளுங்கள். படங்களில் தேதி இருக்கிறது. அவை பொய் சொல்லாது.

ஒரு தாயின் கேள்வி

இந்த நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களில் ஒன்று ஸ்கூடாயிலிருந்து வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை. வகுப்பில் சில பிள்ளைகள் அட்டை வைத்திருப்பதைச் சொல்லி மகள் கேட்கிறாளாம். போனஸ் பணத்தை எடுத்து மூன்று அட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார். 'அக்கம் பக்கத்தில் வீண் செலவு என்பார்கள், ஆனால் என் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்காதா?' என்று.

அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. பிள்ளைகளின் சிரிப்புக்குச் செலவழிப்பது வீண் செலவு அல்ல. வசதி உள்ளவருக்கு ஒரு நியாயம், உழைப்பவருக்கு ஒரு நியாயம் கிடையாது. ஆகவே 'உங்களுக்கு எதற்கு இதெல்லாம்' என்று நான் சொல்லப்போவதில்லை. கணக்கை மட்டும் சேர்ந்து பார்ப்போம்.

மூன்று அட்டைக்கு 1,500 வெள்ளி. டிக்கெட் எடுத்தால் ஒரு முறைக்கு 480 வெள்ளி. நான்கு முறை போனால்தான் அட்டை லாபம். உங்களுக்கு ஆண்டில் 24 ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. தைப்பூசம், தீபாவளிக்கான வேலை, உறவினர் வீட்டுத் திருமணம், பள்ளி நிகழ்ச்சி, காய்ச்சல் வந்த நாள், எதுவும் செய்யாமல் உறங்க வேண்டிய நாள் எல்லாம் அந்த 24-க்குள்தான். கடந்த ஆண்டில் பிள்ளைகளோடு மூன்று முறை வெளியே போனதாகவும், அதில் ஒன்று குளுவாங்கில் பாட்டி வீட்டுக்கு என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து சனியும் ஞாயிறும் ஆகிவிட்டன. சிங்கப்பூரிலும் அதே இரண்டு நாள்தான் விடுமுறை. உங்களுக்குக் கிடைக்கும் ஞாயிறு, எல்லாருக்கும் கிடைக்கும் ஞாயிறு. வரிசையில் நிற்கும் நேரமும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

ஆகவே என் கருத்து இது. இந்த ஆண்டு அட்டை வேண்டாம். இரண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் பள்ளி விடுமுறையில் ஒரு வேலைநாளுக்கு விடுப்பு எடுத்து, கூட்டம் குறைந்த நாளில் ஒரு முறை போங்கள். இரண்டு முறைக்கும் டிக்கெட்டுக்கு 960 வெள்ளி. மீதம் 540 வெள்ளி உங்கள் கையில் இருக்கும். போகும் தேதியை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எந்த நாள் என்று தெரிந்துவிட்டால், அந்த நாளை எண்ணிக் காத்திருப்பதே பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு உங்கள் வேலை நேரம் மாறி, வார இறுதிகள் கிடைத்தால், அப்போது அட்டையை யோசிக்கலாம். ஸ்கூடாயில் இருக்கும் உங்களுக்குத் தூரம் தடையில்லை. தடை நேரம்தான். நேரத்தை எந்த அட்டையும் விற்பதில்லை.

வாங்குவதென்று முடிவானால்

கணக்குப் பார்த்து, நமக்கு லாபம்தான் என்று தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலாவது, எந்தெந்த நாட்களில் அட்டை செல்லாது? விலை குறைந்த அட்டைகள் சிலவற்றில் வார இறுதியும் பொது விடுமுறையும் விலக்கப்பட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அப்படிப்பட்ட அட்டையில் பயன் குறைவு.

இரண்டாவது, ஓராண்டு எப்போது தொடங்குகிறது? வாங்கிய நாளிலிருந்தா, முதலில் பயன்படுத்திய நாளிலிருந்தா? ஆண்டு இறுதி விடுமுறையின் கடைசி வாரத்தில் தொடங்கினால், அடுத்த ஆண்டு இறுதி விடுமுறையின் தொடக்கமும் அதே அட்டைக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, வீட்டில் எல்லாருக்கும் அட்டை வேண்டுமா? அடிக்கடி அழைத்துப் போவது அம்மா என்றால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் வாங்கலாம். அப்பாவும் தாத்தா பாட்டியும் வரும் நாளில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்குப் பல பூங்காக்களில் கட்டணமே இல்லை. சில பூங்காக்கள் வயதைப் பார்க்கும், சில உயரத்தைப் பார்க்கும்.

நான்காவது, பிள்ளையின் வயது. லெகோலேண்ட் இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. பதினோரு வயதுப் பையன் நான்காவது முறை போகும்போது, 'மறுபடியும் இங்கேயா?' என்பான். மறுபக்கம், உயரம் போதாத பிள்ளையைப் பெரிய சவாரிகளில் ஏற்றமாட்டார்கள். சவாரிகளின் உயர வரம்பை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, அட்டை தானாகப் புதுப்பிக்கப்படுமா? தவணையில் கட்டினால் மொத்தம் எவ்வளவு? இடையில் நிறுத்த முடியுமா? 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பது கேட்க இனிக்கும். ஆனால் விளையாடி முடித்த பிறகும் கடன் பாக்கி நிற்கும்.

ஆறாவது, பூங்கா மூடப்பட்டால் என்ன ஆகும்? ஈப்போவில் 2017 ஜூனில் திறக்கப்பட்ட மேப்ஸ் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. ஜொகூர் புத்ரி ஹார்பரில் 2012-இல் வந்த ஹலோ கிட்டி டவுன் 2019 இறுதியோடு நின்றது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுவதும் பூங்காக்கள் அடைக்கப்பட்டன. அப்படி நேர்ந்தால் காலம் நீட்டிக்கப்படுமா, பணம் திரும்புமா என்று நிபந்தனைகளில் படித்துப் பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொன்னதற்கு மாறாக நடந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. முதல் முறை ஒரு நாள் டிக்கெட்டிலேயே போங்கள். சில பூங்காக்களில் அதே நாளில், வெளியேறுவதற்கு முன், வித்தியாசத் தொகையைக் கட்டி அந்த டிக்கெட்டை ஆண்டு அட்டையாக மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி உண்டா என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பிள்ளைகளின் முகத்தையும், கால் வலியையும், பர்ஸையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆழம் தெரிந்த பிறகு காலை விடுவதுதானே நல்லது?

நேயர்களே, இன்று இரவே வீட்டில் நாள்காட்டியை எடுத்து, பிள்ளைகளோடு உட்காருங்கள். போகக்கூடிய நாட்களை ஒவ்வொன்றாக வட்டமிடுங்கள். 'எப்போதாவது' என்பது நாளல்ல. தேதி இருந்தால்தான் வட்டம். நான்கு வட்டம் விழுந்தால் அட்டையை யோசியுங்கள். எட்டு, பத்து விழுந்தால் தாராளமாக வாங்குங்கள். இரண்டே விழுந்தால் டிக்கெட் எடுங்கள். ஒன்றுகூட விழவில்லை என்றால், அட்டையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, ஏன் விழவில்லை என்று கணவனும் மனைவியும் பேசுங்கள். அந்தப் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது.